நீலப் புட்பராகம்: கல் நமது மண்ணில், நிறம் பிறர் கையில்

நகைக்கடைகளில் "நீல டோபாஸ்" என்ற பெயரில் இன்று விற்பனையாகும் கற்களுள் மிகப் பெரும்பாலானவை, பூமியிலிருந்து எடுக்கப்பட்ட வேளையில் நீல நிறம் கொண்டவையாக இருக்கவில்லை. தெளிந்த நீரைப் போன்று நிறமற்ற கூழாங்கற்களாகவே அவை தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றின் நீலம் அணு உலையினுள்ளோ, இலத்திரன்களை முடுக்கும் பொறியினுள்ளோ ஊட்டப்பட்டதாகும். இரத்தின வியாபாரத்தில் ஈடுபட்டோர் இதனை நன்கு அறிவர். கல்லைப் பணம் கொடுத்து வாங்கி விரலிலும் கழுத்திலும் அணிந்துகொள்வோரில் பலர் அறியார்.

நான் பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டிருந்த நீண்ட காலத்தில் இரத்தினக்கல் பற்றிய செய்திகள் அடிக்கடி என் மேசைக்கு வந்துள்ளன. பெருநிறையுடைய நீலக்கல் அகழ்ந்தெடுக்கப்பட்டது, ஏலத்தில் இத்தனை இலட்சத்துக்கு விற்பனையானது, விமான நிலையத்தில் கடத்தல் கற்கள் பிடிபட்டன என்ற வகையிலேயே அவை இருக்கும். மலிவான கல்லொன்றைப் பற்றி எவரும் செய்தி எழுதுவதில்லை. ஆயினும் இலங்கையின் இரத்தின வரலாற்றிலுள்ள முக்கிய பாடமொன்றை இந்த மலிவான கல்லே மிகத் தெளிவாகச் சொல்கிறது என்பது என் கருத்து. ஒரு கல்லின் பெறுமதியில் பெரும்பங்கு, அதற்குப் பெயர் சூட்டும் அறிவும், பட்டை தீட்டும் அறிவும், நிறம் ஊட்டும் அறிவும் எவரிடம் உள்ளனவோ அவரிடமே சென்று சேர்கிறது. கல் கிடைத்த மண்ணுக்கு எஞ்சுவது சிறு பங்கேயாகும். இதனை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயரில் தொடங்கிய குழப்பம்

டோபாஸ் என்ற சொல்லின் வரலாறே ஓர் ஆள்மாறாட்டத்துடன்தான் ஆரம்பமாகிறது. கி.பி. 79இல் மறைந்த உரோம அறிஞர் பிளினி தமது இயற்கை வரலாற்று நூலில் "டோபாஸொஸ்" என்னும் கல்லைப் பற்றி எழுதியுள்ளார். செங்கடலில் அதே பெயரைக் கொண்ட தீவொன்றில் அக்கல் கிடைத்ததாகவும், மூடுபனி சூழ்ந்த அத்தீவை மாலுமிகள் தேடியலைய வேண்டியிருந்ததாகவும், "தேடுதல்" என்ற பொருளுடைய சொல்லிலிருந்தே அப்பெயர் தோன்றியதாகவும் அவர் கூறுகிறார். அவர் வர்ணிக்கும் கல் பச்சை நிறமானது. அரத்தால் அராவக்கூடிய அளவுக்கு மென்மையானது. இன்று சபர்காத் என அழைக்கப்படும் எகிப்தியத் தீவே அது என அறிஞர்கள் இனங்கண்டுள்ளனர். அங்கே கிடைப்பது பெரிடொட் என்னும் பச்சைக்கல். பிளினி எழுதிய டோபாஸ், இன்றைய டோபாஸ் அல்ல என்பதே இதன் பொருள். சமஸ்கிருதத்தில் வெப்பத்தைக் குறிக்கும் "தபஸ்" என்ற சொல்லிலிருந்து இப்பெயர் வந்திருக்கலாம் என்ற வேறொரு கருத்தும் உண்டு.

நமது பக்கத்திலும் குழப்பம் குறைவில்லை. புட்பராகம் அல்லது புஷ்பராகம் என்ற சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் டோபாஸ் என்றே பொருள் தருகின்றன. ஆனால் நவரத்தின மோதிரத்தில் வியாழனுக்குரியதாகப் பதிக்கப்படும் புஷ்பராகம், வழக்கத்தில், மஞ்சள் நிற நீலக்கல்லாகும். "மஞ்சள் நிற நீலக்கல்" என்று எழுதும்போதே தமிழ் தடுமாறுகிறது. கெம்பும் நீலமும் மஞ்சள் புஷ்பராகமும் குருந்தம் என்ற ஒரே கனிமத்தின் வெவ்வேறு நிறங்கள் என்பதே உண்மை. இக்கனிமத்தை உலகம் முழுவதும் இன்று "கொரண்டம்" என அழைக்கின்றது. அச்சொல் குருந்தம் என்ற நமது சொல்லிலிருந்து சென்றதே என்பது தமிழர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

இலங்கையின் பழைய வியாபார வழக்கில் மஞ்சள் குருந்தக்கல்லை "கிங் டோபாஸ்" என்றும் "ஓரியன்டல் டோபாஸ்" என்றும் அழைத்து விற்றனர். அதேவேளை, உண்மையான டோபாஸ் எதுவென்று கேட்டால் பலருக்குத் தெரியாது. மாத்தறை வைரம் என்ற பெயரில் விற்கப்பட்ட கல்லும் வைரமல்ல. அது நிறமற்ற சிர்கோன். புகைநிறப் படிகக்கல்லைப் "புகை டோபாஸ்" எனப் பெயரிட்டு விற்கும் வழக்கம் பல நாடுகளிலும் இருந்தது. உயர்ந்த கல்லின் பெயரைத் தாழ்ந்த கல்லுக்குச் சூட்டுவது வியாபாரத்தின் மிகப் பழைய தந்திரங்களுள் ஒன்று. அதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை.

இத்தகைய தந்திரங்களை நம் முன்னோரும் அறிந்தே இருந்தனர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் இரத்தினக் கடைத்தெரு வர்ணிக்கப்படுகிறது. மணிகளின் அழகை மாத்திரம் இளங்கோவடிகள் சொல்லிச் செல்லவில்லை. அவற்றிலுள்ள குற்றங்களையும் நிரற்படுத்துகிறார். குற்றம் அறிந்து கல் வாங்கும் சமூகமொன்று அக்காலத்தில் இருந்தது என்பதற்கு அது சான்று.

இனி மன்னர்களும் ஏமாறிய கதையொன்று. 18ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கலின் ஆட்சிக்குட்பட்ட பிரேசிலில் கிடைத்து, போர்த்துக்கேய அரச குடும்பத்துக்குச் சொந்தமாகிய "பிறகன்ஸா வைரம்" 1,680 கரட் நிறையுடையதெனப் புகழப்பட்டது. அக்கல் இன்று எங்குள்ளதெனத் தெரியாது. அது வைரமாக இருந்திருக்க முடியாது, நிறமற்ற டோபாஸாகவே இருந்திருக்க வேண்டும் என்பதே இரத்தினவியலாளர் பலரின் முடிவு.

கல்லின் இயல்பு

டோபாஸ், அலுமினியமும் சிலிக்காவும் புளோரினும் சேர்ந்த ஒரு சிலிக்கேற்றுக் கனிமம். மோ அளவுகோலில் அதன் கடினத்தன்மை 8. வைரம் 10, குருந்தம் 9 என்பதை நோக்கினால் அது எத்தகைய உயர்ந்த இடத்தில் உள்ளதென விளங்கும். அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.5. கடல்நீர் நிறமுடைய அக்குவாமரின் கல்லை அதனுடன் மாறிக் கொள்வோர் உளர். ஆனால் அக்குவாமரினின் ஒப்படர்த்தி 2.7 மாத்திரமே. ஒரே அளவான இரு கற்களை உள்ளங்கைகளில் ஏந்திப் பார்த்தால் டோபாஸின் கனம் உடனே தெரியும்.

1980களின் பிற்பகுதியில், இரத்தினக்கல் ஏற்றுமதி பற்றிய கட்டுரைத் தொடர் ஒன்றுக்காகப் பேருவளைக்குச் சென்றிருந்தேன். பேருவளையின் சீனக்கோட்டை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் வியாபாரிகளின் புகழ்பெற்ற இரத்தினச் சந்தை. அங்கே பட்டை தீட்டும் தொழிலில் முதிர்ந்த ஹாஜியார் ஒருவர், நிறமற்ற இரு கூழாங்கற்களை என் கையில் வைத்து, எது படிகக்கல், எது டோபாஸ் எனக் கேட்டார். கனமான கல்லைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"சரிதான் தம்பி. ஆனா இந்தக் கல்லுக்கு ஒரு பக்கம் பலமில்லை. அந்தப் பக்கம் பார்த்துத் தட்டினா, கத்தி வச்ச மாதிரி ரெண்டாப் போயிரும். அதுக்குப் பயந்து பயந்துதான் சாணையில வைக்கிறது."

அவர் சொன்னது அறிவியலும் ஏற்றுக்கொள்ளும் உண்மை. டோபாஸின் படிகத்தில் அடித்தளத்துக்குச் சமாந்தரமாக ஒரேயொரு திசையில் அணுப் பிணைப்புகள் பலவீனமானவை. அத்திசையில் கல் மிக எளிதாகவும் மிகச் செம்மையாகவும் பிளந்துவிடும். உரசலைத் தாங்கும் வன்மையும் அடியைத் தாங்கும் வன்மையும் வேறுவேறானவை என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. கண்ணாடியைக் கீறும் கல், சீமெந்துத் தரையில் தவறி விழுந்தால் பிளவுபடலாம்.

அவ்வேளையில் ஹாஜியாரிடம், இந்த வெள்ளைக் கற்களை என்ன செய்வீர்கள் எனக் கேட்டேன். "கிலோக் கணக்கில வாங்கிட்டுப் போறாங்க" என்றார். "போகும்போது தண்ணி மாதிரிப் போகுது. திரும்பி வரும்போது நீலமா வருது." கட்டுரைத் தொடரில் அவ்வாக்கியத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அது என் குறிப்பேட்டில் தங்கிவிட்டது.

பட்டையும் பிரகாசமும்

கல்லின் பிரகாசம் இயற்கை தருவது எனப் பலர் எண்ணுகின்றனர். இயற்கை தருவது வாய்ப்பை மாத்திரமே. அதனை வெளிக்கொணர்வது பட்டை தீட்டுவோரின் கணக்கு.

ஒளி, கல்லினுள் நுழையும்போது வளைகிறது. உள்ளே சென்ற ஒளி கல்லின் அடிப்பட்டைகளில் மோதி, மீண்டும் மேலே திரும்பி நமது கண்ணை அடைந்தால் கல் ஒளிர்கிறது. மோதும் கோணம் குறிப்பிட்ட ஓர் எல்லைக்கு உட்பட்டால், ஒளி அடிப்பக்கமாக வெளியேறிவிடுகிறது. இந்த அவதிக் கோணம் ஒவ்வொரு கல்லுக்கும் வேறுபடும். வைரத்துக்கு ஏறத்தாழ 24 பாகை. நீலக்கல்லுக்கு ஏறத்தாழ 34 பாகை. டோபாஸுக்கு ஏறத்தாழ 38 பாகை. முறிவுச் சுட்டி குறையக் குறையக் கோணம் கூடும். டோபாஸின் முறிவுச் சுட்டி சுமார் 1.62, வைரத்தினது 2.42.

இதன் நடைமுறை விளைவு மிக எளிமையானது. டோபாஸின் அடிப்பட்டைகள் 38 பாகையிலும் சற்று அதிகமான சாய்வில், சாதாரணமாக 40 பாகையையும் தாண்டி, அமைய வேண்டும். அதைவிடத் தட்டையாக வெட்டினால் கல்லின் நடுப்பகுதி வெறும் கண்ணாடித் துண்டு போலாகிவிடும். கல்லைப் பத்திரிகைத் தாளொன்றின் மேல் முகப்பு மேலே இருக்க வைத்துப் பாருங்கள். கீழேயுள்ள எழுத்துகளைத் தெளிவாக வாசிக்க முடிந்தால் பட்டை தீட்டியவரின் கணக்கு பிழைத்துவிட்டது, அல்லது அவர் வேண்டுமென்றே பிழைக்கவிட்டுள்ளார் என்று கொள்ளலாம்.

வேண்டுமென்றே பிழைக்கவிடுவது எதற்காக? நிறைக்காக. இலங்கையின் பாரம்பரியத் தொழிலாளர்கள் வில்லால் சுழற்றும் சாணைச் சில்லில், கோணமானி எதுவுமின்றி, கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் பட்டை தீட்டினர். அவர்களின் திறமை வியக்கத்தக்கது. ஆனால் கரட் கணக்கில் விற்பனையாகும் கல்லில் ஒவ்வொரு துகளும் பணம் என்பதால், ஒளியைவிட நிறையைக் காப்பாற்றுவதே நோக்கமாயிற்று. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் சரிந்தும் உள்ள இத்தகைய கற்களை வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிச் சென்று மீண்டும் வெட்டி விற்றனர். இங்கும் பெறுமதியின் ஒரு பங்கு, இரண்டாம் முறை வெட்டியவருக்கே சென்றது.

வைரத்தின் பட்டைகளுக்குரிய கோணங்களை மார்ஸல் டொல்கோவ்ஸ்கி 1919இல் கணித விதிகளின்படி வகுத்து வெளியிட்டார். அதன்பின் கைப்பழக்கமாக இருந்த தொழில், கணக்காக மாறியது. டோபாஸுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அது எளிதில் பிளக்கும் தளத்துக்குச் சரியாகச் சமாந்தரமாக எந்தப் பட்டையையும் மெருகிட முடியாது. எனவே தொழிலாளர் கல்லைச் சில பாகைகள் சாய்த்து வைத்தே முகப்பை அமைக்கின்றனர். ஆயினும் கல் பெரிதாகவும் களங்கமின்றியும் மலிவாகவும் கிடைப்பதனால், புதிய வெட்டு முறைகளைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு டோபாஸ் மிக ஏற்றது. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், தன் மண்ணில் மேசன் பகுதியில் கிடைக்கும் இயற்கை நீல டோபாஸை 1969இல் மாநில இரத்தினமாகப் பிரகடனம் செய்தது. 1977இல் கல்லினுள் ஐங்கோண நட்சத்திரம் தெரியுமாறு அமைக்கப்பட்ட "லோன் ஸ்டார்" என்ற வெட்டையும் மாநில வெட்டாக ஏற்றுக்கொண்டது. கல்லும் தனது, வெட்டும் தனது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அம்மாநிலம் சட்டத்தினால் பதிவு செய்துகொண்டது.

நீலம் எங்கிருந்து வந்தது?

இயற்கையாகவே நீலமான டோபாஸ் இல்லாமலில்லை. ரஷ்யாவின் யூரல் மலைகள், உக்ரேனின் வொலின் பிரதேசம், ஸ்கொட்லாந்தின் கெயார்ன்கோம் மலைகள், பிரேசில் ஆகிய இடங்களில் அது கிடைத்துள்ளது. இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் 2016இல் காட்சிக்கு வைக்கப்பட்ட "ஒஸ்ட்ரோ" கல், பிரேசிலில் 1980களில் கிடைத்த நீல டோபாஸ். வெட்டிய கல்லின் நிறை 9,381 கரட், அதாவது ஏறத்தாழ 1.9 கிலோகிராம். எனினும் இயற்கை நீலம் பெரும்பாலும் மிக வெளிறியது. ஆழ்ந்த நீலம் மிக அரிது.

கல்லின் நிறத்தை மனிதன் மாற்றுவதும் புதிய செய்தியல்ல. பிரேசிலின் மஞ்சள் டோபாஸை மெல்லச் சூடாக்கினால் இளஞ்சிவப்பாக மாறும் என்பதை 1750இல் பாரிஸ் நகர நகை வியாபாரி ஒருவர் கண்டறிந்தார். அதற்கும் முன்னரே, இலங்கையில் குருந்தக்கற்களை நெருப்பிலிட்டு நிறத்தைத் திருத்தும் முறை இருந்ததை 13ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அத்-தைஃபாஷி குறிப்பிட்டுள்ளார். கரியடுப்பும் ஊதுகுழலுமாக அத்தொழில் நமது காலம் வரை பேருவளையிலும் இரத்தினபுரியிலும் தொடர்ந்தது. நெருப்பினால் கல்லைத் திருத்தும் கலையில் நாம் எவருக்கும் பின்தங்கியவர்களாக இருக்கவில்லை.

நிலைமை மாறியது கதிரியக்கக் காலத்தில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் குரூக்ஸ், ரேடியத்தின் அருகில் வைத்த வைரம் பச்சையாக மாறுவதைக் கண்டார். இரத்தினக்கற்களின் மேல் ஊடுகதிர்களைச் செலுத்திய பரிசோதனைகளைப் பிரெடெரிக் போ என்ற அமெரிக்கக் கனிமவியலாளர் தம் சகாவுடன் இணைந்து 1947இல் வெளியிட்டார். 1957இல் இலத்திரன் தாக்குதலால் கற்கள் நிறம் பெறுவதை விவரித்தார். 1975இல், பெல் ஆய்வுகூடங்களில் பணியாற்றிய கேர்ட் நசாவ், மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து, காமாக் கதிர்களினால் நீல டோபாஸும் கபில டோபாஸும் உருவாவதை விளக்கும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ஆய்வுகூட வியப்பாக இருந்த விடயம் அதன்பின் பெருந்தொழிலாக வளர்ந்தது.

செய்முறை இதுதான். நிறமற்ற டோபாஸின் மேல் கதிர்வீச்சைச் செலுத்தும்போது படிகத்தினுள் இலத்திரன்கள் இடம்பெயர்ந்து, ஒளியின் சில பகுதிகளை உறிஞ்சும் "நிறமையங்கள்" தோன்றுகின்றன. கல் முதலில் கபிலமாகவோ பச்சை கலந்த கபிலமாகவோ மாறும். பின்னர் அதனை ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சூடாக்கினால் நிலையற்ற கபிலம் அகன்று, நிலையான நீலம் எஞ்சும். இந்நீலம் வெயிலில் வெளிறுவதில்லை.

எந்தக் கதிர் என்பதற்கேற்ப நிறம் வேறுபடும். கோபாற்று-60இலிருந்து வரும் காமாக் கதிர்கள் வெளிறிய நீலத்தைத் தரும். இலத்திரன் முடுக்கிப் பொறி "வான் நீலம்" தரும். அணு உலையில் நியூத்திரன்களுக்கு உட்படுத்தினால் மை கலந்தாற் போன்ற ஆழ்ந்த "இலண்டன் நீலம்" கிடைக்கும். நியூத்திரனும் இலத்திரனும் அடுத்தடுத்துப் பயன்படுத்தப்பட்டால் பளிச்சென்ற "சுவிஸ் நீலம்" பிறக்கும். சுவிற்சர்லாந்தின் மண்ணிலோ இலண்டனின் மண்ணிலோ இக்கற்கள் கிடைப்பதில்லை. பெயர்கள் மாத்திரம் அங்கிருந்து வந்தவை. கல் விளைந்த இரத்தோட்டைக்கோ, மினாஸ் ஜெராயிஸுக்கோ, நைஜீரியாவுக்கோ அப்பெயர்ப் பட்டியலில் இடமில்லை.

நியூத்திரன் முறையில் ஒரு பொறுப்பும் உண்டு. கல்லிலுள்ள சுவட்டளவான அசுத்தங்கள் கதிரியக்கம் பெறலாம். டன்டலம்-182 அத்தகையது, அதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 114 நாட்கள். ஓராண்டு கழிந்தால் அதன் கதிரியக்கம் தொடக்கத்தின் ஒன்பதில் ஒரு பங்களவாகக் குறையும். எனவே கற்களை மாதக்கணக்கில் பூட்டி வைத்து, அளந்து, பாதுகாப்பான எல்லைக்குக் கீழே வந்த பின்னரே சந்தைக்கு அனுப்ப வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதனைக் கண்காணிக்கிறது. முறையாக வெளிவிடப்பட்ட கல்லை அணிவதால் அச்சப்பட வேண்டியதில்லை.

விலை வீழ்ந்த கதை

நீலம் பெருகியது; விலை வீழ்ந்தது. 1970களின் இறுதியில் நீல டோபாஸ் மதிப்புடன் விற்கப்பட்டது. 1980களில் நிறமூட்டும் நிலையங்கள் பெருகியதும் சந்தையில் கற்கள் குவிந்தன. அபூர்வத்துக்காகக் கொடுக்கப்பட்ட விலை, அபூர்வம் அகன்றதும் அகன்றது. இன்று நீல டோபாஸ் மலிவான கற்களின் வரிசையில் உள்ளது. இயற்கையாகவே நீலமான கல்லை வைத்திருந்தோரும் இதனால் பாதிக்கப்பட்டனர். ஏனெனில் காமாக் கதிரினால் நீலமூட்டிய கல்லையும் இயற்கை நீலக் கல்லையும் வழக்கமான இரத்தினப் பரிசோதனைகளால் வேறுபடுத்த முடியாது. மெய்யான கல்லுக்கும் சாட்சி இல்லாமற் போயிற்று.

இலங்கைக்குக் கிடைத்தது என்ன? மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டைப் பகுதியிலும், ஆற்றுமணலுக்குக் கீழே "இல்லம்" எனப்படும் இரத்தினப் படையுள்ள பிற இடங்களிலும் நிறமற்ற டோபாஸ் கிடைக்கிறது. அது வெளிநாட்டு நிறமூட்டும் தொழிலுக்கு மூலப்பொருளாகச் சென்றது. அணு உலை நமது நாட்டில் இல்லை. பியகமவில் காமாக் கதிர்வீச்சு நிலையமொன்று உண்டு. அது பிரதானமாக மருத்துவ உபகரணங்கள் போன்றவற்றைக் கிருமிநீக்கம் செய்யும் பணிக்குரியது. ஆகவே ஹாஜியார் சொன்னவாறு, தண்ணீராகச் சென்றது நீலமாகத் திரும்பி வந்தது. கூலி வேறிடத்தில் தங்கியது.

டோபாஸ் மலிவான கல் என்பதால் இந்த இழப்புப் பெரிதல்ல என எவரேனும் கூறலாம். அவ்வாறு கூறுவோருக்காக அதே காலத்தில் நிகழ்ந்த வேறொரு கதையையும் சொல்ல வேண்டியுள்ளது. "கெவுட" என்பது பால் போன்று மங்கிய குருந்தக்கல். அதற்கு அழகில்லை என நம்மவர் ஒதுக்கினர். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதனை இங்கிருந்து மிகக் குறைந்த விலைக்கு வாங்கிச் சென்று, 1,600 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உலையிலிட்டனர். கல்லினுள் மெல்லிய ஊசிகளாகக் கிடந்த தைத்தேனியம் கரைந்து, இரும்புடன் சேர்ந்து, முதல்தரமான நீலத்தைக் கொடுத்தது. அந்த நீலக்கற்கள் உயர்ந்த விலைக்கு உலகச் சந்தையில் விற்பனையாயின. கரியடுப்பிலும் ஊதுகுழலிலும் நூற்றாண்டுகளாகக் கைதேர்ந்திருந்த நாடு, அடுப்பின் வெப்பத்தை மேலும் சில நூறு பாகைகள் உயர்த்தத் தெரியாததால் தன் செல்வத்தைச் சல்லிக்கல்லாக விற்றது.

அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் 1971ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்கான சட்டம் 1993இல் நிறைவேற்றப்பட்டது. கடத்தலைத் தடுக்கவும் அனுமதிப்பத்திரம் வழங்கவும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால் இரு கற்களின் கதையிலும் நாட்டைவிட்டு வெளியேறிய பெருஞ்செல்வம் கடத்தப்பட்டதன்று. அறியாமையினால் சட்டபூர்வமாகவே விற்கப்பட்டது. அதனைப் பிடிக்க எந்தச் சுங்க அதிகாரியாலும் இயலாது. கெவுடவைச் சூடாக்கும் நுட்பத்தை இலங்கையர் பின்னர் கற்றுத் தேர்ந்தனர் என்பதையும், இன்று அத்தொழில் இங்கேயே திறம்பட நடைபெறுகிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கற்க முடியாத நுட்பமாக அது ஒருபோதும் இருக்கவில்லை. தாமதத்தின் விலையை நாம் செலுத்தினோம்.

வாங்குவோர் அறிய வேண்டியவை

புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் விடுமுறைக்கு வரும்போது இரத்தினக்கற்களை விரும்பி வாங்குகின்றனர். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, நீல டோபாஸ் நீலக்கல் அன்று. நீலக்கல்லின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம். டோபாஸின் முறிவுச் சுட்டியும் நீலக்கல்லினதும் வெவ்வேறானவை. எளிய கருவியொன்றினால் சில நிமிடங்களில் இரண்டையும் பிரித்தறியலாம். விலையுயர்ந்த கல்லை வாங்குவோர் தகுதிபெற்ற ஆய்வுகூடத்தின் சான்றிதழைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. சோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் சனிக்கு நீலமும் வியாழனுக்கு மஞ்சட் புஷ்பராகமும் என வகுத்த மரபில், உலையில் நீலமூட்டிய டோபாஸுக்கு இடமில்லை. அதனை எவரேனும் பரிகாரக் கல்லென விற்றால், அவர் சோதிடத்துக்கும் வியாபாரத்துக்கும் ஒருங்கே துரோகம் செய்கிறார்.

இரண்டாவது, நிறமூட்டப்பட்டது என்பதற்காக நீல டோபாஸைப் போலி எனத் தள்ளுவதும் தவறு. கல் இயற்கையானது, நிறம் நிலையானது, நேர்மையாகச் சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் குற்றம். 1990களின் பிற்பகுதியிலிருந்து வானவில் நிறங்கள் மின்னும் டோபாஸ்களும் சந்தைக்கு வந்துள்ளன. அவற்றின் மேல் பூசப்பட்டிருப்பது மிக மெல்லிய உலோகப் படலம். அது உரசினால் கழன்றுவிடும். இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது.

மூன்றாவது, டோபாஸைத் தட்டாமல், திடீர் வெப்பத்துக்கு உட்படுத்தாமல் வைத்திருங்கள். நீராவியாலும் செவிப்புலனாகா ஒலியலைகளாலும் சுத்தம் செய்யும் பொறிகளில் அதனை இடவேண்டாம். வெதுவெதுப்பான சவர்க்கார நீரும் மென்மையான துணியும் போதுமானவை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நமது பிள்ளைகளுள் பௌதிகமும் இரசாயனமும் கற்றோர் இன்று உலகெங்கும் ஆய்வுகூடங்களில் பணிபுரிகின்றனர். பேருவளையிலும் இரத்தினபுரியிலும் கல்லின் குணத்தைக் கைத்தொடுகையால் அறியும் முதியோர் இன்னும் உள்ளனர். இவ்விரு அறிவுகளும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியிருந்தால் கெவுடவின் இரகசியம் முதலில் நமக்கே தெரிந்திருக்கும். இல்லத்தின் அடியில் இன்றும், பயனற்றவை என ஒதுக்கப்படும் கற்கள் பல கிடக்கின்றன. அவற்றுள் எது நாளைய நீலம் என்பதை இம்முறையாவது நாமே முதலில் கண்டறிய வேண்டும்.